அலமாரியில் ஒரு வழங்கி

என் ஆசிரியர் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் தென்மாவட்டங்களில் அலைந்து, வில்லுப்பாட்டுப் புலவர்களிடம் கேட்டு எழுதிய களக்குறிப்புகள் இருபத்தெட்டு ஏடுகளாக இருந்தன. ஒரே கதையை ஐந்து ஊர்களில் ஐந்து விதமாகப் பாடியிருப்பார்கள். ஐந்தையும் எழுதி, எந்த ஊரில் எந்த அடி மாறுகிறது என்று பக்க ஓரத்தில் குறித்திருப்பார். 2013, 2014 ஆகிய இரு கோடை விடுமுறைகளிலும் நானும் மாணவர் சிலரும் அவற்றை வருடி எடுத்துக் கணினியில் சேர்த்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் சைதாப்பேட்டையில் அவர் வீட்டுக்குள் புகுந்தது. தரைத்தளம். ஏடுகள் கீழ்த்தட்டில் இருந்தன. மை கரைந்த தாள்களை வெயிலில் உலர்த்திப் பார்த்ததில் பயன் இல்லை. "படம் இருக்கிறதே தம்பி" என்று அவரே என்னைத் தேற்றினார்.

படம் ஒரே ஒரு புற வன்தட்டில் இருந்தது. 2018இல் அது 'டிக், டிக்' என்று சத்தமிடத் தொடங்கியது. மீட்டுத் தருவதாகச் சொன்ன நிறுவனம் ஒன்று ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு பத்தொன்பது ஏடுகளைத் திருப்பித் தந்தது. ஒன்பது போயின. அதை அவரிடம் சொல்லச் சென்ற மாலை நெடுநேரம் வாசலிலேயே நின்றிருந்தேன். அவர் கோபிக்கவில்லை. "பழைய காலத்தில் ஓலையை ஏன் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்போமே, நாம் செய்தோமா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் ஒரு கோப்பு வழங்கி வைக்க வேண்டும், அது என் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்று நான் தேடத் தொடங்கியது அந்தக் கேள்வியிலிருந்துதான். எதையும் அதன் வரலாற்றிலிருந்து தொடங்கிப் படிக்கும் கெட்ட பழக்கம் தமிழாசிரியர்களுக்கு உண்டு. கடைக்குப் போகுமுன் நான் படித்தவை இங்கே கட்டுரையாகின்றன. ('சர்வர்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'வழங்கி' என்றும் 'பரிமாறி' என்றும் இரு சொற்கள் போட்டியிட்டன. இரண்டாவது எனக்குப் பிடித்தது என்றாலும், அதைச் சொன்னால் 1964இல் நாகேஷ் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நடந்த காட்சிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. எனவே வழங்கி என்றே எழுதுகிறேன்.)

கோப்புகளைப் பலரும் எடுத்தாளும்படி ஓரிடத்தில் வைப்பது என்னும் எண்ணம், தனியாள் கணினி என்னும் எண்ணத்தோடு கூடவே பிறந்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973இல் உருவான ஆல்டோ என்னும் கணினியில் மாற்றிச் செருகத்தக்க வட்டு ஒன்று உண்டு. அதன் கொள்ளளவு 2.5 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாது. அதே 1973 மே மாதத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் பற்றிய தம் குறிப்பை எழுதினார். கணினிகளைக் கம்பியால் இணைத்தபின், வட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறைக்கு அறை நடப்பதற்கு மாற்றாகப் பெரிய வட்டுடைய ஓர் இயந்திரத்தைப் பொதுவில் நிறுத்தினால் என்ன என்று அங்குள்ளோர் எண்ணினர். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அத்தகைய வழங்கிகள் அங்கே இயங்கின. ஆனால் அது ஆய்வகம். விலையைப் பற்றிக் கவலைப்பட அங்கே எவருக்கும் அவசியம் இருக்கவில்லை.

விலைதான் இந்த வரலாற்றை நடத்திச் சென்றது. 1980களின் தொடக்கத்தில் வன்தட்டு என்பது கணினியைவிட விலை மிகுந்த பொருள். பத்துக் கணினி உள்ள அலுவலகம் பத்து வன்தட்டு வாங்க இயலாது. ஒன்றை வாங்கிப் பத்துப் பேருக்குப் பங்கிட வேண்டும். கார்வஸ் போன்ற நிறுவனங்கள் இதற்குச் செய்த முதல் ஏற்பாடு, பாகப்பிரிவினை போன்றது. தட்டைத் துண்டு துண்டாக அளந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கணினியும் தன் துண்டில் தானே நேரடியாக எழுதும். பொதுத் துண்டு ஒன்றில் இருவர் ஒரே சமயம் எழுதினால் இருவர் எழுத்தும் சிதையும், ஏனெனில் யார் எந்த இடத்தில் எழுதுகிறார் என்று கண்காணிக்க நடுவில் ஆள் இல்லை.

அந்த நடுவாளைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நொடித்துப்போகும் நிலையில் இருந்த நோவெல் என்னும் சிறு நிறுவனம். பிரிகம் யங் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ட்ரூ மேஜர் முதலிய சில இளைஞர்கள் 1981 முதல் அங்கே ஒப்பந்த வேலை பார்த்தனர். அவர்கள் வட்டைப் பங்கிடுவதை விட்டுக் கோப்பைப் பங்கிட்டார்கள். அதாவது, வட்டைத் தொடும் உரிமை வழங்கிக்கு மட்டுமே உண்டு. மற்றக் கணினிகள் 'இந்தக் கோப்பைக் கொடு', 'இந்த வரியை எழுதிக்கொள்' என்று அதனிடம் கேட்க வேண்டும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரைக் காத்திருக்கச் சொல்வதும் அதன் வேலை. நூலகத்தில் வாசகரை அடுக்குகளுக்கிடையே திரிய விடுவதற்கும், நூலகரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துப் புத்தகம் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. 1983இல் நெட்வேர் என்ற பெயரில் வந்த இந்த மென்பொருள் அடுத்த பத்தாண்டுக் காலம் அலுவலகங்களை ஆண்டது. 1984இல் சன் நிறுவனம் யூனிக்ஸ் கணினிகளுக்காக என்.எஃப்.எஸ். என்னும் முறையை உருவாக்கி அதன் இலக்கணத்தை வெளிப்படையாக அறிவித்தது. இலக்கணம் வெளியானதால் யார் வேண்டுமானாலும் அதைப் பேசும் மென்பொருளை எழுத முடிந்தது.

ஐ.பி.எம்.மின் வழி வேறு. அங்கே பாரி ஃபைகன்பாம் 1983 அளவில் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையை வகுத்தார். (முதலில் தம் பெயரின் தலையெழுத்துகளையே அதற்கு இட்டிருந்தாராம். மாற்றியது நல்லதாயிற்று.) டாஸ் இயங்குதளம் தன் சொந்த வட்டைத் திறக்கப் பயன்படுத்தும் கட்டளைகளையே கம்பி வழியே இன்னோர் இயந்திரத்துக்கு அனுப்புவது அதன் சாரம். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. விண்டோஸ் உலகெங்கும் பரவியபோது எஸ்.எம்.பி.யும் பரவியது. ஆனால் மைக்ரோசாஃப்ட் சேர்த்துக்கொண்டே போன பகுதிகளுக்கு முழு இலக்கண நூல் வெளியே கிடையாது. விண்டோஸ் கணினியோடு பேச வேண்டுமென்றால் மறுமுனையிலும் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் வேண்டும்.

இந்தக் கதையில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி இனித்தான் வருகிறது.

1991 டிசம்பர். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்னும் முனைவர் பட்ட மாணவர் தம் மேசையிலிருந்த கணினியில் ஒரு மென்பொருளை இயக்க விரும்பினார். அதற்கு டெக் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்னும் வலையமைப்பு மென்பொருளும் உடன் இயங்க வேண்டும். ஆனால் அவருடைய கோப்புகளோ சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினியில் இருந்தன. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. விடுமுறைக் காலம், கையில் ஓய்வு இருந்தது. இரு இயந்திரங்கள் பேசிக்கொள்வதைக் கம்பியில் காது வைத்துக் கேட்டார். எந்தக் கேள்விக்கு எந்தப் பைட்டுகள் விடையாக வருகின்றன என்று பார்த்துப் பார்த்து அந்த மொழியை ஊகித்துச் சில நாட்களில் ஒரு சிறு வழங்கியை எழுதிவிட்டார். தாம் ஒட்டுக்கேட்ட மொழி உலகமெங்கும் பேசப்படும் எஸ்.எம்.பி. என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. 1992 ஜனவரியில் அதை இலவசமாக வெளியிட்டார். பிறகு தம் ஆய்வுக்குத் திரும்பிவிட்டார்.

குகைக் கல்வெட்டுகளைப் பாலியென்றும் பிராகிருதமென்றும் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில், 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழ் என்று காட்டினார். அவரிடமும் இலக்கண நூல் இல்லை. கண்ணெதிரே கல்லும், திரும்பத் திரும்ப வரும் குறிகளும்தான் இருந்தன. ட்ரிட்ஜெல்லின் முறையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த நினைவு வந்தது. பின்னாளில் அவர் தம் முறையை விளக்கச் சொன்ன உவமை இன்னும் எளியது. மொழி தெரியாத நாட்டின் உணவகத்தில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து மேசைக்காரர் என்ன ஒலியை எழுப்பினால் பணியாள் என்ன கொண்டுவருகிறார் என்று கவனிப்பதுதான் அது. போதாவிட்டால் நாமே ஒவ்வொரு ஒலியாக எழுப்பிப் பார்க்கலாம். தவறென்றால் பணியாள் எந்த வகையில் விழிக்கிறார் என்பதும் ஒரு செய்திதானே.

ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் தம் வீட்டிலிருந்த லினக்ஸ் கணினியோடு மனைவியின் விண்டோஸ் கணினியை இணைக்க விரும்பினார். மறந்திருந்த பழைய நிரலை எடுத்து ஓட்டிப் பார்த்தார். அவரே வியக்கும்படி அது வேலை செய்தது. பிறகு தேடியபோதுதான் எஸ்.எம்.பி.க்கான ஆவணங்கள் சில கிடைத்தன. மீண்டும் எழுதத் தொடங்கினார். பின்னாளில் பெரும் நிறுவனங்கள் பலவற்றில் கோடிக்கணக்கான கோப்புகளைக் காத்த மென்பொருளின் மறுபிறப்பு ஒரு வீட்டுக்குள், இரண்டே கணினிகளுக்கிடையே நிகழ்ந்தது. என்னைப் போன்ற வீட்டுக்காரனுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

பெயர் வந்த கதையும் உண்டு. முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகச் சின்னம் என்று 1994இல் தெரியவந்தது. எனவே கணினியிலிருந்த அகராதிக் கோப்பில் எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் இந்த வரிசையில் வரும் சொற்களைத் தேடச் சொன்னார். கிடைத்த சிலவற்றுள் ஒன்று ஒரு பிரேசில் நடனத்தின் பெயர், சம்பா. வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியின் நான்காம் பகுதியான தொடையகராதியும், செய்யுள் செய்வோர் எழுத்தமைதியைக் கொண்டு சொல்லைத் தேடுவதற்கானதே. எழுத்தைப் பிடித்துச் சொல்லைத் தேடும் கலை நமக்குப் புதிதன்று. தமிழ்க் காதுக்குச் சம்பா என்றால் நெல்தான். அதுவும் பொருத்தமே.

மைக்ரோசாஃப்ட்டுக்கும் சம்பாவினருக்கும் நடந்த நெடிய வழக்கை இங்கே விரிக்கப் போவதில்லை. வழங்கிகள் பேசும் மொழியைப் போட்டியாளர்களுக்கு வெளிப்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2004இல் ஆணையிட்டு 49.7 கோடி யூரோ தண்டமும் விதித்தது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் 10,000 யூரோ செலுத்திச் சம்பாவினர் அந்த ஆவணங்களைப் பெற்றனர். பதினாறு ஆண்டுகள் காது கொடுத்து ஊகித்த மொழிக்குக் கடைசியில் இலக்கண நூல் கையில் வந்தது.

மென்பொருள் இலவசமானபின் எஞ்சிய கேள்வி இயந்திரத்தின் விலை. 1990களில் சம்பாவை ஓட்டியவர்கள் பழைய கணினிகளிலேயே ஓட்டினார்கள். மேசையை விட்டு ஓய்வு பெற்ற இயந்திரம் மூலையில் உட்கார்ந்து கோப்புகளைக் காத்தது. 2004இல் லிங்ஸிஸ் நிறுவனம் என்.எஸ்.எல்.யூ.2 என்னும் பெட்டியை வெளியிட்டது. கையளவுப் பெட்டி, 32 மெகாபைட் நினைவகம், இரண்டு யூ.எஸ்.பி. துளைகள். வட்டு அதனுள் இல்லை, நாம் செருகிக்கொள்ள வேண்டும். விலை நூறு டாலருக்குள். அதனுள் ஓடியது லினக்ஸும் சம்பாவும் என்பதால் உரிமப்படி மூலநிரலை வெளியிட வேண்டியிருந்தது. ஆர்வலர்கள் விடுவார்களா? ஓடில்லாத நத்தையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் அதைச் செல்லமாக அழைத்து, தங்கள் விருப்பப்படி அதை மாற்றி எழுதினார்கள். அதன் செயலி 266 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கானது, ஆனால் தொடக்க காலப் பெட்டிகளில் பாதி வேகத்தில் ஓடும்படி கட்டப்பட்டிருந்தது. பலகையிலிருந்து ஒரே ஒரு மின்தடையைப் பெயர்த்தெடுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். நத்தைக்கும் வேகம் வந்தது.

அடுத்த ஆண்டு, 2005இல், ஒலிவியே கொஷார்-லாபே என்னும் பிரெஞ்சுக்காரர் ஃப்ரீநாஸ் என்பதைத் தொடங்கினார். பழைய கணினி எதையும் கோப்பு வழங்கியாக மாற்றி, இணைய உலாவியிலிருந்தே நிர்வகிக்கும் வசதியை அது தந்தது. 2007இல் மைக்ரோசாஃப்ட்டும் இல்லங்களுக்கான விண்டோஸ் வழங்கியைக் கொண்டுவந்தது. அம்மா, நம் வீட்டில் ஏன் வழங்கி இருக்கிறது என்று குழந்தை கேட்பதாக ஒரு படக்கதைப் புத்தகம்கூட விளம்பரத்துக்காக அச்சிட்டார்கள். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகள் உள்ள அந்த வழங்கிகளில், சில செயலிகளால் நேரடியாகத் திருத்தப்பட்ட கோப்புகள் சிதைந்துபோயின. குறையைச் சரிசெய்யும் திருத்தம் 2008 ஜூலையில்தான் வந்தது. காப்பதற்கென்றே வாங்கிய பெட்டி கெடுத்த கதை. சில ஆண்டுகளில் அந்த வழங்கியே கைவிடப்பட்டது.

இவ்விடத்தில் ரெய்டு என்னும் ஏற்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைக்காரர்கள் முதலில் விற்கப் பார்ப்பது அதைத்தான். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்னும் மூவர் எழுதிய கட்டுரை அதற்குப் பெயர் சூட்டிப் பரப்பியது. ஐ.பி.எம்.மின் 7,500 மெகாபைட் பெருவட்டு ஒன்றுக்குப் பதிலாக, தனிக்கணினிகளுக்கான 100 மெகாபைட் சிறுவட்டுகளைக் கூட்டமாக நிறுத்தினால் மலிவாகவும் விரைவாகவும் இருக்கும் என்றார்கள். கூட்டம் பெருகினால் ஏதாவது ஒன்று அடிக்கடி சாகும். எனவே செத்ததன் உள்ளடக்கத்தை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்கும்படி உபரிச் செய்தியைப் பிரித்து வைக்க வேண்டும். அந்த முதற் பெயரில் 'மலிவான' என்ற சொல் இருந்தது. விற்பனையாளர்கள் அதைப் பின்னர் 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டது எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும் பாடபேதம். ரெய்டு காப்பது வட்டின் சாவிலிருந்து மட்டுமே. நான் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், இரண்டு வட்டுகளிலும் அது அதே நொடியில் பக்திசிரத்தையாக அழிக்கப்படும். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

என் ஆசிரியர் கேட்ட படியெடுத்தல் அதுவன்று. அதற்கு வேண்டியது வேறொரு கருவி, அதன் பெயர் ஆர்சிங்க். 1996இல் அதை எழுதியவர் யாரென்று பார்த்தால், அதே ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் என்பவரோடு சேர்ந்து. தொலைவிலுள்ள கணினியில் ஒரு கோப்பின் பழைய படி இருக்கிறது, நம்மிடம் திருத்திய படி இருக்கிறது. முழுக்கோப்பையும் அனுப்பாமல் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்ப வேண்டும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. மறுமுனை தன் படியைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணக்கெண் அனுப்புகிறது. இம்முனை அந்த எண்கள் தன் கோப்பில் எங்கெல்லாம் பொருந்துகின்றன என்று நகர்ந்து நகர்ந்து பார்க்கிறது. பொருந்தாதவை மட்டும் கம்பியில் போகின்றன. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிப்பவர்களுக்கு இந்த வேலை புரியும். 1999இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஒரு பகுதியே இதுதான். சம்பாவுக்காகக் கெட்ட ஆய்வு இப்படித் தேறியது.

இயந்திரத்துக்கு வருகிறேன். 2021இல் நான் தெரிவு செய்ய இறங்கியபோது எதிரே நான்கு வழிகள் இருந்தன.

ஆயத்தமாக விற்கப்படும் இரட்டை வட்டுப் பெட்டி முதலாவது. அழகானது, எளியது, வட்டில்லாமலேயே என் கணக்குக்கு விலை அதிகம். 2012இல் கேம்பிரிட்ஜிலிருந்து 35 டாலருக்கு வந்து உலகைக் கவர்ந்த ராஸ்பெரி பை இரண்டாவது. அதன் தொடக்கப் பலகைகளில் வலையமைப்புத் துளையும் யூ.எஸ்.பி. துளைகளும் ஒரே குறுகிய பாதையைப் பகிர்ந்துகொண்டன. வட்டிலிருந்து எடுப்பதும் கம்பியில் அனுப்புவதும் ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வரும் இரு மாட்டுவண்டிகள். 2019இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் அது தீர்ந்தது. நான் கேட்ட நேரத்தில் அது கடைகளில் கிடைக்கவில்லை. மூன்றாவது, வீட்டிலிருந்த பழைய மடிக்கணினி. மின்வெட்டின்போது தாங்க அதனுள்ளேயே மின்கலம் உண்டு என்பதால் நம் ஊருக்கு இது நல்ல வழி. ஆனால் என்னுடையதன் மின்கலம் உப்பிப்போயிருந்தது. இரவும் பகலும் மின்னேற்றத்தில் வைத்திருக்க அஞ்சினேன்.

நான்காவது, ரிச்சி தெரு. அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிடும் சிறு கணினிகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. தடித்த நாவல் ஒன்றின் பருமன்தான். ஆறாம் தலைமுறை ஐ-3 செயலி, 8 ஜிகாபைட் நினைவகம், ஒன்பதாயிரம் ரூபாய். கோப்பு வழங்கிக்கு வலிய செயலி தேவையில்லை. வட்டும் கம்பியும் எவ்வளவு விரைவோ அவ்வளவுதான் அதன் விரைவு. செயலி பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே நான் முதலில் பார்த்தது மின்செலவை. இரவும் பகலும் ஓடும் இயந்திரம் 60 வாட் இழுத்தால் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 86 யூனிட், 10 வாட் இழுத்தால் 14 யூனிட். மூலையில் கிடக்கும் பழைய மேசைக்கணினி 'இலவசம்' என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டணத்தின் அடுக்கு மாறினால் இலவசம் வெகுவிரைவில் கசக்கும். நான் வாங்கிய சிறு கணினி சும்மா இருக்கையில் ஏறத்தாழ பத்து வாட்டுக்குள்ளேயே நின்றது.

இதன் குறை, உள்ளே ஒரு சிறு வட்டுக்கே இடம் உண்டு. மற்றவற்றை யூ.எஸ்.பி.யில் தொங்கவிட வேண்டும். வல்லுநர்கள் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான். நான் இரண்டு புற வட்டுகள் வாங்கினேன், வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு தயாரிப்புகளாக. ஒரே நாளில் ஒரே ஆலையில் பிறந்த இரட்டையர் ஒரே வாரத்தில் சாகவும் கூடும். ஒன்று உள் வட்டிலுள்ளதை ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு ஆர்சிங்க் மூலம் படியெடுத்துக்கொள்கிறது. மற்றொன்று என் தங்கை வீட்டில், மாடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை எடுத்துவந்து புதுப்பித்துத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறேன். "உன் பெட்டகம் பத்திரம் அண்ணா" என்று அவள் கேலி செய்வாள். வெளியூரிலிருந்தும் பார்க்கலாமே, இணையத்துக்குத் திறந்துவிடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் திறக்கவில்லை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் பிரிட்டனின் மருத்துவமனைகள் வரை புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அது நுழைந்த வாசல், மேலே சொன்ன பழைய எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டைதான். என் வழங்கியில் அந்த முதற் பதிப்பு அணைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்ப் பெயர்களால் எழுந்த சிக்கல் எந்தக் கையேட்டிலும் இல்லாதது. ஒரு காலத்தில் தமிழ்க் கோப்புகளுக்கும் ஆங்கில எழுத்தில்தான் பெயரிட்டோம். பழைய சம்பா, டாஸ் காலத்துக் குறியீட்டுப் பக்கங்களை நம்பியிருந்தது. தமிழுக்கு அப்படியொரு பக்கமே கிடையாது. 2003 செப்டம்பரில் வந்த சம்பா 3.0தான் யூனிகோடில் பேசத் தொடங்கியது. அதன்பிறகே தமிழ்ப் பெயர் தமிழாகவே வழங்கிக்குள் போய்த் தமிழாகவே திரும்பியது.

ஆயினும் லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். தொல்காப்பியம் என்பது இலக்கணப்படி ஏழெழுத்து. கணினிக்கு அது 13 குறியீடுகள், 39 பைட்டுகள். இக்கணக்கில் ஏறத்தாழ நாற்பத்தைந்து எழுத்துகளோடு இடம் முடிந்துவிடும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுவதால் அங்கே நீண்ட பெயர்கள் தங்குதடையின்றி நிற்கும். வழங்கிக்கு மாற்றும்போது மறுக்கப்படும். ஆசிரியரின் ஏடுகளுக்குக் கதையின் பெயர், பாடியவர் ஊர், கேட்ட ஆண்டு என்று நாங்கள் இட்டிருந்த பெயர்களில் பாதி இப்படி வாசலில் நின்றன.

அதைவிட நுட்பமானது இன்னொன்று. 'தொ' என்பதில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பமைப்பு பிரித்தே வைத்துக்கொள்ளும். மாணவர் ஒருவரின் ஆப்பிள் கணினியிலிருந்து ஆர்சிங்க் மூலம் கொண்டுவந்தபோது, ஒரே கோப்புறையில் தொல்காப்பியம் என்ற பெயரில் இரண்டு கோப்புகள் நின்றன. ஒன்றின் பெயர் 39 பைட், மற்றதன் பெயர் 42 பைட். இரட்டிப்பாயிற்றே என்று ஒன்றை அழித்துவிட எண்ணியவன், ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் ஆதலால், திறந்து பார்த்தேன். இரண்டாவதில் ஆசிரியர் பின்னர் சேர்த்த மூன்று பக்கங்கள் இருந்தன.

பெயர்களை எல்லாம் சுருக்கி எழுதும் வேலையை ஆசிரியரே ஏற்றுக்கொண்டார். அவருக்கு இப்போது எண்பதைக் கடந்துவிட்டது. "எண்பத்தைந்து குறிக்குள் அடக்க வேண்டும், ஐயா" என்றேன். "வெண்பா எழுதியவனிடம் கணக்குச் சொல்கிறாயா?" என்றார்.

சென்ற ஆண்டு நாகர்கோவிலிலிருந்து பழைய மாணவர் ஒருவர் ஒரு குறுந்தட்டை அஞ்சலில் அனுப்பினார். 2014இல் வருடிய நாட்களில் தமக்கென்று படியெடுத்து வைத்திருந்தாராம், வீடு மாறும்போது அகப்பட்டது. தட்டின் ஓரம் நிறம் மாறியிருந்தது. படிக்க ஓர் இரவு முழுதும் ஆயிற்று. போன ஒன்பதில் இரண்டு, பதினேழாம் ஏடும் இருபத்திரண்டாம் ஏடும், ஒரு பக்கமும் குறையாமல் வந்தன. மறுநாள் விடியற்காலையில் ஆர்சிங்க் எழுதி வைத்த பதிவில் இரண்டு புதிய பெயர்கள் இருந்தன. அதைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனேன்.